புன்னைக்காயலில் ஒரு வினாநூலார்: அண்டிரிக் அடிகளார்

பொருநையாறு பல கிளைகளாகப் பிரிந்து கடலொடு கலக்கும் கழிமுகத்தே அமைந்த ஊர் புன்னைக்காயல். வடபால் பழையகாயலும் தென்பால் காயல்பட்டினமும் அண்டை ஊர்கள். சற்றே உள்தள்ளிக் கொற்கை. முத்தும் குதிரையும் கைமாறிய இக்கடற்கரையில், அரபு மொழியும் போர்த்துக்கேயமும் தமிழொடு தோள் உரசி நடந்த 16ஆம் நூற்றாண்டில், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் வாழ்ந்து மறைந்தவர் என்றீக்கே என்றீக்கசு என்னும் போர்த்துக்கேயத் துறவி. தமிழ் மக்கள் அவரை அண்டிரிக் அடிகளார் என்று தம் நாவுக்கு இசைய அழைத்தனர். தமிழ் அச்சின் தந்தை என்னும் பெயரை வரலாறு அவருக்கு வழங்கியுள்ளது. அப்பெயர் பொருத்தமே, எனினும் அவர்தம் உழைப்பின் ஒரு பகுதியை அது மறைத்தும் விடுகின்றது. அச்சுக்கு அவர் கொடுத்த நூல்களுள் இரண்டு வினாக்களால் ஆனவை. ஒரு வினாவை எங்கே நிறுத்துவது, அதன் விடையைக் கொண்டு அடுத்து எவ்வழிச் செல்வது என்னும் சிக்கலை அச்சேறிய தமிழில் முதன்முதல் எதிர்கொண்டவர் அவரே எனலாம். இணையவழிப் பாடங்களுக்குக் கிளைபிரியும் வினாத்தொடர்களை அமைத்துக்கொண்டிருக்கும் இன்றைய ஆசிரியர் உலகம், அவர் வாழ்வை அக்கண்கொண்டு நோக்குதல் நன்று.

அடிகளார் 1520ஆம் ஆண்டில் போர்த்துகல் நாட்டின் வில விசோசா என்னும் ஊரில் பிறந்தார். இளமையில் துறவறத்தை நாடிப் பிரான்சிஸ்கு சபையிற் சேர்ந்தார். அங்கு அவரால் நிலைத்திருக்க இயலவில்லை. அவர்தம் முன்னோர் யூதர் என்பதே காரணம். அந்நாளைய போர்த்துகலிலும் இசுபானியாவிலும் குருதித் தூய்மை என்பது ஒருவன் கல்வியையும் ஒழுக்கத்தையும் விடப் பெரிதாக மதிக்கப்பட்டது. உன் பாட்டன் யார் என்னும் ஒற்றை வினா. அதற்குரிய விடை ஒருவகையாக அமைந்தால் வாயில் திறக்கும். வேறு வகையாக அமைந்தால் அடைபடும். அடைபட்டவன் மீண்டு வர வேறு பாதை இல்லை. பின்னாளில் ஆயிரக்கணக்கானோரிடம் வினாத் தொடுக்கப் போகும் ஒருவர், தம் இளமையில் ஒரு வினாவால் வெளியே தள்ளப்பட்டவர் என்பது மனங்கொள்ளத் தக்கது.

கோயிம்பிரா பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த அவரைப் புதிதாகத் தோன்றியிருந்த இயேசு சபை 1545இல் ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டே அவர் கோவாவை அடைந்தார். 1547இல் முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார். இராமேசுவரம் தொடங்கிக் குமரிமுனை வரை நீண்ட இக்கரையின் பரதவர்கள், 1530களின் இடைப்பகுதியில் கிறித்தவம் தழுவியிருந்தனர். 1542இல் இங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், வேண்டுதல்களைத் தமிழில் பெயர்த்து எழுதச் செய்து, மனப்பாடமாக ஓதிக் கற்பித்தார். ஆனால் மனப்பாடம் ஒருவழிப் பாதை. ஓதுபவன் தவறினால் திருத்தலாம்; அவன் உள்ளத்தில் ஓடுவது யாதென்று அறிய இயலாது. அறிவதற்குக் கேட்க வேண்டும்; கேட்பதற்கு மொழி வேண்டும். சவேரியார் இதனை நன்கு உணர்ந்தே, தமிழ் கற்குமாறு அடிகளாரைப் பணித்தார்.

அவர் கற்ற முறை சுவையானது. தமிழ் வினைச்சொற்களை இலத்தீன வாய்பாட்டைப் போல் காலம், இடம், எண் என அடுக்கிப் பார்த்தால் மொழியின் கட்டமைப்பு வெளிப்படும் என்பதைக் கண்டுகொண்டார். செய்தான், வந்தான், நடந்தான், கேட்டான், உண்டான் என இறந்தகாலம் எத்தனை வடிவம் கொள்கின்றது என்பதைத் தமிழாசிரியர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. அயலான் ஒருவன் புதிய வினைச்சொல் ஒன்றைக் கேட்டால், இது எவ்வகுப்பினது என ஆராய்ந்து, அவ்விடையைக் கொண்டு அடுத்த வடிவத்தைத் தேட வேண்டும். அதுவும் ஒரு கிளைவழியே. சில திங்களுக்குள் உரைபெயர்ப்பாளர் துணையின்றிப் பேசத் தொடங்கிய அவர், 1549 அளவில் போர்த்துக்கேய மொழியில் ஒரு தமிழ் இலக்கணத்தை எழுதினார். ஏடறிந்த புலவரின் செந்தமிழ் அதில் இல்லை. கடற்கரையில் வாழ்ந்த மக்களின் வாய்மொழி இருக்கின்றது. அதனாலேயே மொழி வரலாற்றாய்வாளர்க்கு அது பெருஞ்செல்வம். கையெழுத்துப் படியாகவே லிசுபனில் கிடந்த அந்நூலை 1982இல் வெர்மியர் பதிப்பித்தார். 2013இல் ஜீன் ஹைன், வி. எசு. ராஜம் இருவரின் ஆங்கில ஆக்கம் ஆர்வர்டிலிருந்து வெளிவந்தது.

1549இல் வேதாளையில் அந்தோனியோ கிறிமினாலி கொல்லப்பட்டபின், இக்கரைப் பணியின் தலைமை அடிகளார் தோளில் விழுந்தது. புன்னைக்காயலைத் தம் இருப்பிடமாகக் கொண்டார். 1550ஐ ஒட்டி அங்கு ஒரு மருத்துவமனையை நிறுவினார். 1553இல் ஊர் தாக்குண்டபோது சிறைப்பட்டு மீண்டார். 1560களின் தொடக்கத்தில் சில ஆண்டுகள் மன்னாரில் கழிந்தன. முத்து வளத்தின் பொருட்டு வணிகரும் அரசரும் அயலவரும் மோதிய அந்நாள்களின் அரசியலை விரிப்பின் அது தனிக்கட்டுரையாகும். ஈண்டு நமக்கு வேண்டுவது, அவர் தம் உடனுழைப்போர் அனைவரும் தமிழ் கற்க வேண்டும் என்பதில் கொண்டிருந்த உறுதி. அவர் முயற்சியால் புன்னைக்காயலில் தமிழ் பயிற்றும் பள்ளி எழுந்தது. உரைபெயர்ப்பாளன் நடுவே நிற்கும்வரை, வினா ஒன்றாகவும் விடை வேறொன்றாகவும் திரியும் என்பதை அவர் பட்டறிந்திருந்தார்.

இனி நூல்களுக்கு வருவோம். 1554இல் லிசுபனில் தமிழ் வேண்டுதல்கள் அச்சாயின. ஆனால் அவை உரோமன் எழுத்தில் அமைந்தவை. தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல், அடிகளார் பெயர்த்த தம்பிரான் வணக்கம். 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் வெளிவந்தது, பதினாறே பக்கம். இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூலும் அதுவே. மறு ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் கொச்சியில் கிரிசித்தியானி வணக்கம் அச்சானது. இது நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள் கொண்டது. மார்க்கோசு ஜோர்ஜ் என்பாரின் போர்த்துக்கேய நூலை முதலாகக் கொண்டு, ஆசிரியனும் மாணாக்கனும் உரையாடும் வினாவிடை முறையில் ஆக்கப்பட்டது. 1580இல் கொம்பெசியொனாயரு என்னும் நூல் வந்தது. 1586இல் அடியார் வரலாறு. இந்நூல்களின் அச்சுச் செலவுக்கு முத்துக்குளித்துறைப் பரதவர் பொருள் ஈந்தனர் என்பது மறக்கலாகாத செய்தி. தமிழ் அச்சுக்கலையின் தொடக்க மூலதனம், மூச்சடக்கி மூழ்கியவர்களின் உழைப்பிலிருந்து வந்தது.

வினாவிடை நூல் தமிழுக்கு அப்பொழுது புதியதன்று. கிரிசித்தியானி வணக்கத்துக்கு ஏழு ஆண்டுகள் முன்னதாகவே, 1572இல், வண்ணப் பரிமளப் புலவரின் ஆயிர மசலா மதுரையில் அரங்கேறிவிட்டது. இன்று நமக்கு முழுமையாகக் கிடைக்கும் இசுலாமியத் தமிழ் இலக்கியங்களுள் காலத்தால் முந்திய அந்நூலில், யூத அறிஞரான அப்துல்லாஹ் இப்னு சலாம் வினவுகின்றார். நபிகள் நாயகம் விடை பகர்கின்றார். இரு நூலையும் அருகருகே வைத்துப் பார்ப்பின் ஒரு வேறுபாடு புலனாகும். கிரிசித்தியானி வணக்கம் போன்ற மறைவினாவிடை நூல்களில் ஆசிரியன் வினவ, மாணாக்கன் கற்ற விடையைக் கூறுவான். வழி முன்னரே வகுக்கப்பட்டது. ஆயிர மசலாவிலோ ஐயம் கொண்டு வந்தவரே வினாவுக்கு உரியவர். அவர் ஐயம் எத்திசையில் திரும்புகின்றதோ அத்திசையில் நூல் நடக்கின்றது. ஒரே தலைமுறையில், ஒரே தென்பாண்டி நாட்டில், வினாவைக் கையில் ஏந்துபவன் யார் என்பதற்கு இரு வேறு விடைகள் எழுதப்பட்டன. இவற்றை ஒருங்கு வைத்து விரிவாக ஆராயும் மாணவர் நம் துறைகளிலிருந்து எழ வேண்டும் என்பது நம் அவா.

அடிகளாரின் மூன்றாம் நூலான கொம்பெசியொனாயருவே கிளைவழி வினாவுக்கு உண்மையான முன்னோடி. கத்தோலிக்கர் தம் பிழைகளைக் குருவிடம் வெளிப்படுத்தி மன்னிப்புப் பெறும் சடங்கைப் பாவசங்கீர்த்தனம் என்பர். அதற்கு ஆயத்தம் செய்யும் வழிகாட்டி நூல்கள் ஐரோப்பாவில் பல இருந்தன. அவ்வகையைச் சார்ந்ததே இது. இத்தகைய நூல்களில் வினாக்கள் பத்துக் கட்டளைகளின் வரிசையில் செல்லும். இது மேல்வரிசை. ஒவ்வொரு கட்டளையின் கீழும் ஒரு வினா. இல்லை என்பது விடையானால் அடுத்ததற்குச் செல்லலாம். ஆம் என்றால் அங்கே ஒரு கிளை பிரியும். எத்தனை முறை, எந்நிலையில், அறிந்தா அறியாமலா, பிறர்க்கு அதனால் நேர்ந்த இழப்பு என்ன எனக் கீழிறங்கும். களவைப் பற்றிய கிளை இவற்றுள் நீண்டது. ஏனெனில் கவர்ந்த பொருளைத் திருப்பிக் கொடாமல் மன்னிப்பு நிறைவுறாது என்பது அச்சமயக் கோட்பாடு. கடற்கரைக்கு ஏற்ப நாமே ஓர் எடுத்துக்காட்டைப் புனைந்துகொள்வோம். முத்துச் சிப்பி ஒன்றை மறைத்து வைத்தாயா? ஆம் எனில், அது யாருடையது? உரியவன் உயிரோடு இருக்கின்றானா? இருந்தால் திருப்பிக் கொடுத்தாயா? கொடுக்கவில்லையெனில், கொடுக்க மனமில்லையா, பொருளில்லையா? இறுதி வினாவின் இரு விடைக்கும் இருவேறு அறிவுரை. மனமில்லாதவனிடம் கூறுவதைப் பொருளில்லாதவனிடம் கூறினால் அது கொடுமை.

இன்று கணினியில் பாடம் அமைப்போர் செய்வதும் இதனையே. 1950களின் இறுதியில் நார்மன் கிரௌடர் என்னும் அமெரிக்கர் இதற்கு ஓர் ஒழுங்கு வகுத்தார். விமானப்படையினர்க்குப் பழுது கண்டறியும் பயிற்சி அளித்தவர் அவர். அவருக்குச் சற்று முன் ஸ்கின்னர் வகுத்த முறையில் மாணவர் அனைவரும் ஒரே நேர்கோட்டில் சிறுசிறு அடியாக நடப்பர். கிரௌடரோ, தவறான விடையைத் தேர்ந்தவன் ஏன் அதனைத் தேர்ந்தான் என்பதே ஆசிரியன் அறிய வேண்டியது என்றெண்ணினார். அவர் ஆக்கிய நூல்களில் பக்கங்கள் வரிசையாக ஓடா. இவ்விடை உன்னுடையதானால் இப்பக்கம் செல், அவ்விடையானால் அப்பக்கம் செல் என்று ஏவும். தவறிய பக்கத்தில் தவற்றின் காரணம் விளக்கப்பெறும். பின் மீண்டும் பழைய வினாவுக்கே திரும்ப வேண்டும். அச்சு நூலில் விரலால் பக்கம் புரட்டிச் செய்த அதே வேலையை, இன்று மூடில் போன்ற மென்பொருளின் பாட அமைப்பு ஒரு சொடுக்கில் செய்து முடிக்கின்றது. நம் கல்லூரி ஆசிரியர் பலரும் பெருந்தொற்றுக் காலமான 2020க்குப் பின் இதனைக் கையாளத் தலைப்பட்டுள்ளனர்.

தலைப்பட்டவர்கள் முதலில் இடறுவது எண்ணிக்கையில். ஒவ்வொரு வினாவுக்கும் இரு விடை, ஒவ்வொரு விடைக்கும் தனி வழி என்று வைத்துப் பத்து அடுக்கு இறங்கினால், முடிவிடங்கள் 1,024 ஆகும். மூன்று விடை என்றால் 59,049. எந்த ஆசிரியனாலும் இத்தனையை எழுத இயலாது. ஆதலின் பிரிந்த வழிகள் சிறிது தூரம் சென்று மீண்டும் பெருவழியில் கூட வேண்டும். பழைய வழிகாட்டி நூல்கள் இதனை இயல்பாகவே செய்தன. களவைப் பற்றிய கிளையில் எவ்வளவு தூரம் இறங்கியவனும் அடுத்த கட்டளைக்கு வரும்போது மற்றவரோடு ஒரே படியில் நிற்பான். முன் கட்டளையில் இடறியவன் என்பதற்காகப் பின் கட்டளைகள் அவனுக்கு மறுக்கப்படுவதில்லை. இன்றைய பாடங்கள் சிலவற்றில் முதல் மூன்று வினாக்களில் தவறிய மாணவன் எளிய வழி என்னும் பெயரால் ஒரு பக்கவழியில் இறக்கப்படுகின்றான். இறுதிவரை பெருவழியை அவன் காண்பதில்லை. தவறு அறியாமையால் நேர்ந்ததா, வினாவின் மொழி விளங்காமையால் நேர்ந்ததா என்று எவரும் கேட்பதில்லை. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் கடலோரச் சிற்றூர் மாணவனுக்கு இவ்விரண்டும் ஒன்றல்ல. யூதப் பாட்டனின் பேரனுக்குப் பிரான்சிஸ்கு சபையில் நேர்ந்ததும் இவனுக்கு நேர்வதும் வடிவத்தால் ஒத்தவை.

இரண்டாவது இடறல் நுட்பமானது. பாவசங்கீர்த்தன வழிகாட்டிகளை எழுதியோர்க்கு ஓர் அச்சம் எப்போதும் இருந்தது: அறியாத பிழையை வினாவே கற்பித்துவிடுமோ என்பது. ஆதலால் பொதுவாகத் தொடங்கி, விடை இடம் கொடுத்தால் மட்டுமே நுணுகிக் கேட்க வேண்டும் என்று குருமார்க்கு அறிவுறுத்தினர். தேர்ந்தெடுக்கும் விடைகளை எழுதும் ஆசிரியர்க்கும் இவ்வச்சம் வேண்டும். நம்பத்தகுந்த தவறான விடையொன்றைப் படித்த மாணவன், சில நாள் கழித்து அதனையே சரியெனக் கொள்வதுண்டு. தவறான கிளையில் திருத்தம் உடனே கிட்டாவிடில், பாடமே பிழையைப் பயிற்றியதாகிவிடும்.

மூன்றாவது, கிளை பிரியும் இடத்தைப் பற்றியது. இங்கேதான் அடிகளாரின் தமிழ்ப்புலமைக்கு உண்மையான சோதனை. அக்காலத் திருச்சபைச் சட்டம் நெருங்கிய உறவினரிடையே மணத்தைத் தடுத்தது. ஐரோப்பியனுக்கு மாமன் மகளும் சிற்றப்பன் மகளும் ஒரே சொல்லால் குறிக்கப்படுபவர்; சட்டமும் இருவரையும் ஒரே தொலைவில் வைத்தது. தமிழனுக்கோ சிற்றப்பன் மகள் உடன்பிறந்தாள். மாமன் மகள் முறைப்பெண். உறவுப்பெண்ணை மணந்தாயா என்னும் ஒற்றை வினாவைத் தமிழ்ப்படுத்திக் கேட்டால், கேட்பவன் ஒன்றைக் கேட்பான். விடை கூறுபவன் வேறொன்றுக்கு விடை கூறுவான். ஐரோப்பிய மூலத்தில் கிளை இல்லாத இடத்தில் தமிழ் வாழ்வு கிளை பிரிகின்றது. இதனை அகராதி காட்டாது. மக்களோடு ஐம்பது ஆண்டு வாழ்ந்தவன் காதுதான் காட்டும். பிற நாட்டுப் பாடங்களை அப்படியே தமிழாக்கி இணையத்தில் ஏற்றுவோர், வினாவை மட்டும் பெயர்க்கின்றனர். வினா பிரியும் மூட்டுகளைப் பெயர்ப்பதில்லை. பயன் குறைவாக இருப்பதற்கு இதுவே முதற்காரணம் என்பது நம் கருத்து.

அடிகளாரை வெறும் போற்றுதலோடு விட்டுவிடுவதும் நேர்மையாகாது. அவர் வினாக்கள் கற்பிக்கவும் செய்தன, கண்காணிக்கவும் செய்தன. மக்கள் தம் பழைய வழிபாட்டுக்கும் வழக்கங்களுக்கும் திரும்புகின்றனரா என்று அறிவதும் அவற்றின் நோக்கங்களுள் ஒன்று. விடைகளைக் கேட்டவர் கையில் அதிகாரம் இருந்தது; கூறியவர் கையில் இல்லை. இணையவழிப் பாடத்தில் மாணவன் அழுத்தும் ஒவ்வொரு விடையும் எங்கோ பதிவாகின்றது. பாவசங்கீர்த்தனத்தைக் கேட்ட குரு அதனை வெளியிடலாகாது என்னும் கட்டுப்பாடாவது அன்று கடுமையாக இருந்தது.

அச்செழுத்தைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். ஓலைச்சுவடி மரபைப் பின்பற்றிய அந்நூல்களில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் காட்டப்படுவதில்லை. கொடு என்பதா கோடு என்பதா என்பதைப் படிப்பவனே இடம் நோக்கித் தேர வேண்டும். ஒவ்வொரு சொல்லும் அவனுக்கு ஒரு சிறு கிளைவழி! அக்கால வாசகர் இதில் தடுமாறவில்லை. மொழி அவர்கள் காதில் இருந்தது.

1586ஆம் ஆண்டின் அடியார் வரலாறு புன்னைக்காயலிலேயே அச்சானதாகப் பலரும் கருதுவர். அறுநூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள் கொண்ட அப்பெருநூலுக்குப்பின் அடிகளார் அச்சிட்ட தமிழ் நூல் ஏதும் கிடைக்கவில்லை. 53 ஆண்டுகள் இக்கரையில் உழைத்து, 1600ஆம் ஆண்டு பிப்ரவரியில் புன்னைக்காயலில் மறைந்தார். உடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பெற்றது. நூல்களும் தமிழகத்திலிருந்து மறைந்தன. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகம் கண்ட தனிநாயக அடிகள் அயல்நாட்டு நூலகங்களில் அவற்றைத் தேடி அறிமுகப்படுத்தினார். தம்பிரான் வணக்கம் ஆர்வர்டிலும், அடியார் வரலாறு வத்திக்கானிலும் இருந்தன. அடியார் வரலாற்றை 1967இல் இராசமாணிக்கம் அடிகள் தூத்துக்குடியிலிருந்து மீண்டும் பதிப்பித்தார். வினாநூலான கொம்பெசியொனாயருவின் படி ஆக்சுபோர்டின் போட்லி நூலகத்தில் உள்ளது.